மலைக்கு எடுத்துச் சென்ற செய்தி

கழுத்தில் நெறி கட்டுவதை நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல்லில் சீழ் வைத்தால் தாடைக்கடியில் கட்டும். காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் கட்டும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் நாலைந்து நாட்களில் கரைந்துபோகும். ஆனால் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மைத்துனரின் கழுத்தில் கட்டிய நெறி எந்த ஒத்தடத்துக்கும் கரையவில்லை. வலியும் இல்லை. வலியில்லாத கட்டியைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மைத்துனர் கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறினால், வெள்ளிமலைக்கு முன்னால் வரும் ஊர் அது. அவருடைய அத்தா காலத்திலேயே புளியும் கடுக்காயும் கொள்முதல் செய்ய மலையேறிய குடும்பம். நானோ அதே மலையில் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சியில் வாழ்பவன். மருத்துவம் படித்தவனல்லன். இதை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, இந்த நோய் விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன் என்பதுதான்.

முதலில் பார்த்த தனியார் மருத்துவர், காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம் நாட்டில் கழுத்துக் கட்டிகளுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம் என்பதால், அப்படி ஐயுற்றதில் வியப்பில்லை. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்காமலேயே நான்கு மாதங்கள் மாத்திரை விழுங்க வைத்ததுதான் பிழை. இரவில் சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்தது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடல் இளைத்தது. அதன் பிறகே பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். அங்கே கட்டியை முழுதாக எடுத்துப் பரிசோதித்து, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். லிம்போமா என்பது அதன் மருத்துவப் பெயர்.

அந்தப் பெயர் மைத்துனரின் காதில் விழக்கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. "அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்று அவர் மனைவி அழுதார். நாங்களும் தலையாட்டினோம். ‘ரத்தத்தில் கிருமி’ என்று சொல்லி வைத்தோம். மருத்துவமனைக் காகிதங்களையெல்லாம் என் வீட்டு பீரோவில் பூட்டி வைத்தேன். அன்போடு செய்ததுதான். ஆனால் தன் நோயின் பெயரையே அறியாத மனிதர் அந்த நோய் பற்றி வருகிற நல்ல செய்தியை எப்படி அறிவார், கெட்ட செய்தியை எப்படித் தரம் பிரிப்பார்? மூன்றாவது வாரத்தில், மருந்தேற்றும் கூடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மைத்துனர் உடையவில்லை. "இதைச் சொல்ல இத்தனை நாளா மச்சான்?" என்றுதான் கேட்டார்.

லிம்போமா என்பது ஒரே நோயன்று. 1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் விவரித்த வகை அவர் பெயரால் வழங்குகிறது. மற்றவையெல்லாம் ‘ஹாட்ஜ்கின் அல்லாதவை’ என்று ஒரு குடைக்குள் அடக்கப்பட்டுள்ளன. அந்தக் குடைக்குள் டஜன் கணக்கில் உட்பிரிவுகள். சில ஆண்டுக்கணக்கில் ஆமைபோல் நகரும். மருந்தே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். சில வாரங்களில் பரவிவிடும். மைத்துனருக்கு வந்தது ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்’ என்ற வேகமான வகை. அதற்கு ‘ஆர்-சாப்’ என்னும் ஐந்து மருந்துகளின் கூட்டு. 21 நாட்களுக்கு ஒரு முறை வீதம் ஆறு முறை ஏற்ற வேண்டும்.

அந்த ஐந்தில் ஒன்றான வின்கிரிஸ்டின் நம் வீட்டு முற்றத்திலும் கபரஸ்தான் சுவரோரத்திலும் பூத்துக்கிடக்கும் நித்யகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஜமைக்காவில் அந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் 1950களில் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்து பிறந்தது வின்பிளாஸ்டின், அடுத்து வின்கிரிஸ்டின். இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைக்கக் கிளம்ப வேண்டாம். இலையில் அந்த மருந்து இருப்பது மிக மிகச் சொற்பம். அளவு தப்பினால் அது நஞ்சு. மலையில் ஒருவர் அப்படி அரைத்துக் குடித்து வாந்தியில் கிடந்ததைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று ரிட்டுக்சிமாப். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய நான்கு மருந்துகளோடு இதைச் சேர்த்தால் பயனுண்டா என்று பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையில் 60 முதல் 80 வயது வரையிலான 399 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. பழைய முறையில் இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 57 பேர். புதிய முறையில் 70 பேர். பதின்மூன்று உயிர்கள்! ஆனால் விலை? 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தை இங்கேயே செய்து, மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டறிந்தது கரியாலூர் மளிகைக்கடைக்காரரின் நரம்புக்குள் இறங்க அத்தனை படிகள் தேவைப்பட்டன.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2023 அக்டோபரில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ என்ற சிகிச்சைக்கு மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்துவிட்டது. நோயாளியின் உடலிலிருந்தே டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குப் புற்றணுக்களை அடையாளம் காணும் ஆற்றலை ஊட்டி, பெருக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை. வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ரூபாய் ஆவது இங்கே 40 லட்சம் அளவில் முடியும் என்றிருந்தது. எனக்குக் கை நடுங்கியது, மகிழ்ச்சியில். செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மலைக்குப் பஸ் ஏறினேன்.

மைத்துனருக்கு அப்போது மூன்று முறை மருந்து ஏறியிருந்தது. தலைமுடி போயிருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போய், கல்லாவில் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வேறுபாடு தடவித் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பிரித்து, "மச்சான், ஒரே தடவை ஏத்தினா போதுமாம், புது மருந்து வந்திருச்சு" என்றேன்.

அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இந்த விஷத்தை இன்னும் மூணு தடவை நான் ஏன் ஏத்திக்கணும்?" என்றார்.

நாலாம் முறைக்குரிய தேதியில் அவர் மலையிலிருந்து இறங்கவில்லை. சளி பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்றார். இதற்கிடையில் அடிவாரத்து நிலத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்து போனதாகப் பிறகு அறிந்தேன். பதின்மூன்று நாட்கள் கழிந்தன. விஷயம் அறிந்த என் மனைவி—அவருக்கு அக்கா—"படிச்சவங்க நீங்க, என் தம்பி கையில எதைக் கொண்டு போய்க் கொடுத்தீங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதிலில்லை. மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அந்தப் பெண் மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கொடுத்த செய்தித் துணுக்கைப் படித்தார். பேனாவை எடுத்து ஒரு வரிக்கு அடிக்கோடிட்டு என் பக்கம் திருப்பினார். பிற சிகிச்சைகள் பலனளிக்காமல் போனவர்களுக்கும், நோய் திரும்ப வந்தவர்களுக்கும் என்று அந்த வரியில் இருந்தது. "ஐயா, இதை நீங்க படிக்கலையா?" என்றார். படித்திருந்தேன். மகிழ்ச்சியில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"இவருக்கு முதல் மருந்தே நல்லாக் கேட்குது. கேட்கிற மருந்தைப் பாதியில விட்டா, அப்புறம் நீங்க கொண்டு வந்திருக்கிற மருந்து தேவைப்படுற நிலைமைக்குத்தான் இவரைத் தள்ளுவீங்க" என்றார் அவர்.

அல்லாஹ்வின் அருளால் அந்தப் பதின்மூன்று நாட்கள் பெருங்கேடு எதையும் செய்துவிடவில்லை. மீதி மூன்று முறையும் ஏறின. ஸ்கேனில் நோயின் தடயம் தெரியவில்லை. 2024 மார்ச் மாதத்தில் ரமலான் பிறந்தபோது, மருத்துவரிடமும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டு, அந்த ஆண்டு நோன்புகளைப் பின்னர் களாச் செய்துகொள்வதாக விட்டுவிட்டார். அதே ரமலானில், ஏப்ரல் 4ஆம் நாள், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மும்பையில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்ததைக் கடைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "மச்சான், உங்க மருந்து!" என்று மைத்துனர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆராய்ச்சியில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2025இல் அதன் முடிவுகள் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் வந்தன. பலன் கணக்கிடப்பட்ட 51 பேரில் நூற்றுக்கு 73 வீதம் நோய் கட்டுப்பட்டது. வேறு மருந்துகள் கைவிட்டவர்களிடம் இது பெரிய எண்ணிக்கை. நல்ல செய்தியை நான் தவறான வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்தில் மைத்துனரின் நோயின் முழுப் பெயர், உட்பிரிவு, எந்த நிலை, எந்தெந்தத் தேதியில் என்ன மருந்து, ஸ்கேன் முடிவு ஆகியவற்றை எழுதினேன். புதிதாக ஒரு செய்தி கண்ணில் பட்டால் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இது இவருக்கு வந்த வகையா? முதல் சிகிச்சைக்கா, தோற்றபின் தருவதா? எலியிடம் பார்த்ததா, மனிதரிடமா? எத்தனை மனிதரிடம்? நோய் வளராமல் நின்றதைச் சொல்கிறார்களா, ஆயுள் கூடியதைச் சொல்கிறார்களா? இவை இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு வெகு நாள் கழித்தே புரிந்தது. எடுத்துக்காட்டாக, ஆர்-சாப் கூட்டில் வின்கிரிஸ்டினுக்குப் பதிலாகப் போலாட்டுசுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தைச் சேர்த்த ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டாண்டுகள் நோய் முற்றாமல் இருந்தோர் 70 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 77 விழுக்காடாகக் கூடினார்கள். உயிரோடிருந்தோர் எண்ணிக்கையில் அப்போது வேறுபாடு தென்படவில்லை. தலைப்பை மட்டும் படித்தவர் நிலத்தை விற்றிருப்பார். முழுதும் படித்தவர் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

வாட்ஸ்அப்பில் வருகிற ‘ஒரே வாரத்தில் புற்றுநோய் குணம்’ வகையறாவுக்கு நோட்டில் இடமில்லை. இந்தியாவில் மனிதரிடம் நடத்தப்படும் மருந்து ஆய்வுகளுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 2009 முதல் பதிவு செய்யாமல் மருந்து ஆய்வைத் தொடங்க முடியாது. எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எந்த வகை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று இணையத்தில் யாரும் காசின்றிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளை இருந்தால் படித்துச் சொல்லும். ஆய்வில் சேருகிறவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். விரும்பாவிட்டால் எந்த நாளிலும் விலகலாம். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ‘நம்மை எலியாக்கி விடுவார்கள்’ என்று அஞ்சி ஓடவும் வேண்டியதில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்துகள் ஓர் ஏழையின் அறுவை சிகிச்சைக்கென்றால் ஒரே ஜும்ஆவில் துண்டேந்தி வசூலித்துத் தந்துவிடும். மாஷா அல்லாஹ், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏழை கையில் வைத்திருக்கும் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆளை எந்த ஜமாஅத்தும் ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் மருந்தியலும் செவிலியமும் படிக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். நோய்க்கு மருந்துண்டு என்னும் நபிமொழியை மிம்பரிலிருந்து கேட்கிறோம். தேடிச் சென்று கேட்டறிவதும் அதில் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைத்துனரின் கடையில் அந்த நோட்டு இருப்பது மலையில் எப்படியோ பரவிவிட்டது. 2025இல் என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை கடைக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறார். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். பையனுக்கு இருபத்து நான்கு வயது. அவனுக்கு வந்தது ஹாட்ஜ்கின் வகை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், கட்டணமின்றிப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ‘ஏ.பி.வி.டி.’ என்ற நான்கு மருந்துகள் ஏறிக்கொண்டிருந்தன.

"வாத்தியாரய்யா, இதுநாள் வரைக்கும் நாலு மருந்து ஏத்தினாங்க. போன தடவை மூணுதான் ஏத்தினாங்க. எங்ககிட்ட காசு இல்லேன்னு ஒண்ணை நிறுத்திட்டாங்களோ?" என்று கேட்டார் அவர். மகனுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் கேட்டார். அடுத்த முறை போகாமல் நாட்டு வைத்தியரிடம் காட்டலாமா என்றும் வீட்டில் பேச்சு நடப்பதாகச் சொன்னார்.

எனக்குப் பதில் தெரியாது. ஊகித்துச் சொல்லவும் துணியவில்லை. ஒரு முறை சூடு பட்டவன். அடுத்த தேதியில் அவர்களுடன் நானும் போனேன். நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தே கேட்டேன்.

விடை இதுதான். நிறுத்தப்பட்ட மருந்தின் பெயர் பிளியோமைசின். அது நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. பிரிட்டன் மருத்துவர்கள் தலைமையில், முற்றிய நிலை ஹாட்ஜ்கின் நோயாளிகள் 1,200க்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. இரண்டு சுற்று மருந்து ஏறியபின் பெட் ஸ்கேன் எடுத்து, நோயின் வெளிச்சம் அடங்கியிருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நான்கு மருந்துகளும் தொடர்ந்தன. மறு பாதிக்குப் பிளியோமைசினை விட்டுவிட்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து நோயின்றி இருந்தோர், முன்னவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர். பின்னவர்களில் 84 பேர். நுரையீரல் கெட்டது முன்னவர்களிடம்தான் அதிகம். பையனின் ஸ்கேன் தெளிவாக இருந்தது. அதனால்தான் நிறுத்தினார்கள்.

ஆராய்ச்சி என்றால் புதிதாக ஒன்றைக் கூட்டுவது என்றே நானும் எண்ணியிருந்தேன். எதை விடலாம் என்று கண்டுபிடிக்கவும் ஆயிரம் பேர் தம் உடலை முன்வைத்திருக்கிறார்கள். அதில் விற்க ஒன்றுமில்லாததாலோ என்னவோ, இந்தச் செய்தி எந்த நாளிதழிலும் என் கண்ணில் பட்டதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தந்தையிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கணக்கு உடனே பிடிபட்டது. கோமுகி அணை கடக்கும் வரை பேசவில்லை. பஸ் வளைவில் ஏறத் தொடங்கியதும், "அப்ப காசுக்காக இல்லே" என்றார். சற்றுக் கழித்து, "மலையேறணுமில்ல, மூச்சு வேணும் அவனுக்கு" என்றார்.

பையன் தன் பங்குக்குக் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். நிவோலுமாப் என்ற மருந்தைச் சேர்த்தால் இரண்டாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 92 பேர் நோயின்றி இருப்பதாக 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு கேட்டோம். "உண்மைதான். ஆனா விலை உங்களுக்கு எட்டாது. இப்போ இருக்கிற மருந்தே உனக்கு நல்லாக் கேட்குது. என்றைக்காவது நோய் திரும்பினால் அந்த வழியும் இருக்கு, எழுதி வச்சுக்க" என்றார் மருத்துவர். எழுதி வைத்திருக்கிறோம்.

பன்னிரண்டு முறையும் ஏறி முடிந்து, அவன் மறுபடி தலைச்சுமையோடு கரியாலூர் வரத் தொடங்கிவிட்டான். சென்ற மாதம் கடைக்கு வந்தவன், மைத்துனர் உள்ளே அரிசி நிறுக்கப் போன நேரம் பார்த்து என்னருகில் உட்கார்ந்தான். "சார், பொண்ணு பார்க்கணும்ங்கிறாங்க. எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்றான். அதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை போலும். நோட்டை எடுத்து, அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும் தேதியைப் போட்டு, முதல் கேள்வியாக அதை எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, "பேர் போடாதீங்க சார்" என்றான். போடவில்லை.